நங்கூரம் எட்டாத தீவு

நவுருவில் நங்கூரம் போட முடியாது. கரையிலிருந்து பவளத்திட்டு கொஞ்ச தூரம் தட்டையாக ஓடும்; அதன் விளிம்பைத் தாண்டினால் செங்குத்தான ஆழம். கப்பலில் உள்ள சங்கிலி முழுவதையும் இறக்கினாலும் தரை தட்டாது. அதனால் எங்கள் காலத்தில் அங்கே வரும் கப்பல்களைத் திட்டுக்கு வெளியே மிதக்கும் பெரிய மிதவைகளில் கயிறு போட்டுக் கட்டுவார்கள். காற்று கிழக்கிலிருந்து வீசும் மாதங்களில் சிக்கலில்லை, தீவே கப்பலுக்கு மறைப்பாக நிற்கும். நவம்பர் பிறந்ததும் காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கும். அப்போது மிதவையில் கட்டிவைத்தால் கப்பல் திட்டின்மேல் போய் உட்கார்ந்துவிடும். காற்று மாறும்வரை கடலில் அலைய வேண்டியதுதான்.

1972 தொடக்கத்தில் நாங்கள் அப்படித்தான் அலைந்தோம். பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல், இந்தியச் சிப்பந்திகள். நான் ரேடியோ ஆபீசர். கலாசிகளுக்கு ‘மார்க்கோனி சாப்’. இரவில் எஞ்சினை நிறுத்தி மிதக்க விடுவோம். நீரோட்டம் எங்கோ இழுத்துப் போயிருக்கும். விடிந்ததும் எஞ்சினைக் கிளப்பித் தீவைத் தேடி வருவோம். எங்களைப்போலவே வேறு கப்பல்களும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று பார்த்துச் சலித்து, வானொலித் தொலைபேசியில் கிரிக்கெட் பேசிக்கொண்டோம்.

கடலிலிருந்து பார்த்தால் தீவில் பார்க்க அதிகம் இல்லை. ஒரு பச்சைக் கோடு, அதற்குமேல் சாம்பல் நிற மேடு. மேற்குக் கரையில் இரண்டு ராட்சத இரும்புக் கைகள் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி எந்நேரமும் ஒரு வெள்ளைப் புழுதி. இரவானால் கார் விளக்குகள் கரையோரமாக ஓடி ஒரு முனையில் மறையும். சற்று நேரத்தில் மறுமுனையில் முளைக்கும். தீவைச் சுற்றி மொத்தம் 19 கிலோமீட்டர் சாலை. எங்கே போகிறார்கள் இத்தனை அவசரமாக என்று மேல்தட்டில் நின்று எல்லோரும் யோசிப்போம்.

கப்பலில் எனக்கு ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், தூத்துக்குடி ஃபிட்டர். நான் அண்ணாச்சி என்பேன். மற்றவர்கள் முன்னால் என்னை ‘சார்’ என்பார், தனியாக இருந்தால் ‘தம்பி’. “என்ன தம்பி இது, ஒரு நாட்டுக்கு வந்திருக்கோம், நங்கூரம் போட இடமில்லன்னு சொல்லுதாங்க. நாடுன்னா ஒரு துறைமுகம் வேண்டாமா?” என்றார். துறைமுகம் இல்லாவிட்டாலும் கொடி இருந்தது. அதில்தான் அடுத்த சிக்கல்.

எந்த நாட்டுக் கடலுக்குள் நுழைந்தாலும் அந்த நாட்டுக் கொடியை மரியாதைக்கு ஏற்ற வேண்டும். எங்கள் கொடிப் பெட்டியில் உலகமே இருந்தது, நவுரு இல்லை. எங்களிடம் இருந்த பழைய கடல்வழிகாட்டி நூலில் நவுரு இன்னும் ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் இருந்த ஐ.நா. பொறுப்பாட்சிப் பிரதேசம். சுதந்திரம் கிடைத்தது 1968 ஜனவரி 31-ல். நான்கு வருஷம் கழித்தும் புத்தகத்துக்குச் சேதி போய்ச்சேரவில்லை. மிதவையில் கட்ட அழைப்பு வந்துவிட்டால் கொடி இல்லாமல் போக முடியாதே என்று தைக்க உட்கார்ந்தார்கள். நீலத் துணி இருந்தது. நடுவே ஒரு மஞ்சள் பட்டை, சுலபம். பட்டைக்குக் கீழே கம்பத்தின் பக்கமாக வெள்ளை நட்சத்திரம், அதற்கு 12 முனை. தீவின் 12 குலங்களுக்கு ஒவ்வொன்று. ஸ்டோர் பார்க்கும் கசாப் எட்டு முனையில் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டாம் ஆபீசர் எண்ணிப் பார்த்துத் திருப்பியனுப்பினார். “நாலு குலம் குறைஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?” என்று அண்ணாச்சிக்கு வருத்தம்.

எனக்கு அந்தக் கொடி பிடித்திருந்தது. மஞ்சள் பட்டைதான் நிலநடுக்கோடு. அதற்கு அரை பாகைக்குச் சற்றே தெற்கில் தீவு. கொடியிலும் நட்சத்திரம் பட்டையை ஒட்டிக் கீழேதான் இருக்கிறது. கொடியை வைத்துக்கொண்டு அந்த நாட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

காற்று மாறியது. நவுருவில் வேலைக்கு வந்திருந்த கில்பர்ட் தீவுக்காரர்கள் படகுகளில் வந்து எங்கள் கயிறுகளை மிதவைகளுக்கு இழுத்துப்போனார்கள். அலை எம்பும் நேரம் பார்த்துக் கயிற்றை வளையத்தில் மாட்டிய லாவகத்தைக் கலாசிகளின் தலைவரான எங்கள் சாரங்கே வாய்விட்டுப் பாராட்டினார். அவர் யாரையும் பாராட்டிக் கேட்டதில்லை. கட்டி முடித்ததும் இரும்புக் கைகள் திட்டைத் தாண்டிக் கடலின்மேல் நீண்டு எங்கள் ஹேட்ச்சுகளுக்கு நேராக வந்து நின்றன. கான்டிலீவர் என்பார்கள். முதலாவதை 1930-ல் நிறுவினார்கள். அதற்குமுன் படகுகளில் கூடை கூடையாகக் கொண்டுவந்து ஏற்றினார்களாம். இப்போது கரையிலிருந்து பெல்ட் ஓடிவந்து குழாய் வழியாகக் கொட்டியது. வெளுத்த பழுப்பு நிறம், மணலைவிடச் சற்றுக் கனமான துகள். பாஸ்பேட்.

அதே நேரத்தில் எங்கள் அடித்தொட்டிகளிலிருந்து தண்ணீர் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நவுருவில் ஆறு கிடையாது. மழை பொய்த்தால் வருஷக்கணக்கில் பொய்க்கும். வெறுங்கப்பலாக வருகிறவர்கள் உப்புநீருக்குப் பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து நல்ல தண்ணீரைப் பாரமாகச் சுமந்து வந்து கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. தண்ணீரை இறக்கிவிட்டு மண்ணை ஏற்றிக்கொள்ளும் அந்த வியாபாரம் எனக்கு அன்று வேடிக்கையாகத்தான் இருந்தது.

கப்பலைக் கட்டிவிட்டால் ரேடியோவுக்கு வேலை இல்லை. முதல் லாஞ்ச்சிலேயே அண்ணாச்சியும் நானும் இறங்கினோம். திட்டை வெடிவைத்துப் பிளந்து ஒரு சிறு படகுத்துறை செய்திருந்தார்கள். ஏறி நின்ற இடம் ஐவோ வட்டாரம். பாஸ்பேட்டைக் காயவைக்கும் ஆலை, அதன் புகைபோக்கி, கூரைகளிலும் தென்னை ஓலைகளிலும் பொடி. சுதந்திர நாள் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காகிதத் தோரணங்கள் இன்னும் தொங்கின. அவற்றின் மேலும் பொடி.

பணக்கார நாடு என்று கப்பலில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வரி கிடையாது. வைத்தியம், பள்ளிக்கூடம் இலவசம். ஏறத்தாழ மூவாயிரம் நவுருக்காரர்கள், அதே அளவுக்கு வெளியிலிருந்து வந்த தொழிலாளர்கள். தலைக்குக் கணக்கிட்டால் உலகின் மிகப் பணக்கார மக்களில் ஒரு கூட்டம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். நான் கோபுரங்களை எதிர்பார்த்துப் போனேன். தகரக் கூரை வீடுகள், வீட்டுக்கு வீடு கார், சில வீடுகளின் முன்னால் ஓடாத கார், மோட்டார் சைக்கிளில் பூச்சட்டை போட்ட பாட்டிமார்கள். கடைகளில் ஆஸ்திரேலிய டப்பா உணவும் பீரும். காசும் ஆஸ்திரேலிய டாலர்தான். கடற்கரையில் கம்பத்தின்மேல் பெரிய கறுப்புப் பறவைகள் கால் கட்டின்றி உட்கார்ந்திருந்தன. கப்பற்பறவை என்கிறோமே, அது. பிடித்துப் பழக்கி வைப்பது அவர்களுடைய பழைய பொழுதுபோக்கு. பறந்து போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிவரும்.

அண்ணாச்சிக்குக் கடைகள் அலுத்துவிட்டன. கயிறு கட்ட வந்த கில்பர்ட் படகுக்காரர்களில் ஒருவனைப் பார்த்ததும் கையசைத்து அவனோடு போய்விட்டார். மொழி அவருக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. நான் சாலையோரம் நடந்தேன். பழைய லேண்ட் ரோவர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஐம்பதை நெருங்கியவர், பருத்த உடம்பு, நன்றாக இங்கிலீஷ் பேசினார். பள்ளி ஆசிரியராக இருந்தவராம். எந்த ஊர் என்றார். இந்தியா என்றதும் “நீங்கள் எங்களைவிட இருபது வயது பெரியவர்கள், ஏறிக்கொள்ளுங்கள்” என்றார். அவர் சொன்ன கணக்கு எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

அவருடைய தலைமுறையின் பெரிய மனிதர் ஹேமர் டிரோபர்ட். நாட்டின் முதல் ஜனாதிபதி, அவரும் ஆசிரியராக இருந்தவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சுதந்திர நாளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். மனிதர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

1942 ஆகஸ்டில் ஜப்பான் படை இறங்கியது. விமானத்தளம் போட எல்லோரையும் கல் சுமக்க வைத்தார்கள். பிறகு 1943-ல் 1,200 நவுருக்காரர்களைக் கப்பலேற்றி, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ட்ரூக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். இவர் அப்போது இளைஞர். அங்கே கூலிவேலை, பட்டினி, மேலிருந்து அமெரிக்கக் குண்டு. தீவிலேயே விட்டுப்போன தொழுநோயாளிகள் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள் என்பது திரும்பிவந்தபின்தான் இவர்களுக்குத் தெரிந்தது. உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். அவர்களைச் சுமந்த கப்பல் நவுருவை அடைந்த நாள் 1946 ஜனவரி 31.

“22 வருஷம் கழித்து அதே தேதியைக் கேட்டு வாங்கினோம்” என்றார். நம் ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்தவர் மவுண்ட்பேட்டன். ஜப்பான் சரணடைந்த நாள் என்று தன் நினைவுக்காக எடுத்துக்கொண்டார். இவர்கள் தங்கள் தேதியைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை எனக்கு அதில் ஒரு சின்னப் பொறாமை உண்டு.

இப்படி ஆளை எண்ணிக் கணக்கு வைக்க அவர்களுக்கு வேறு காரணமும் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்த காலத்து நோய்களில் பாதிக்கப்பட்ட இனம், 1,500 பேருக்குக் குறைந்தால் அழிந்துபோகும் என்று பயந்தார்கள். 1932-ல் ஒரு பெண் குழந்தை பிறந்து எண்ணிக்கை 1,500-ஐத் தொட்டதும் ஊரே விழா எடுத்தது. அக்டோபர் 26, அங்காம் நாள். போரில் மறுபடி குறைந்து, 1949-ல் மறுபடி தொட்டார்கள். ஆசிரியர் இதைச் சொல்லும்போது விரல்விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு பிறப்பும் நாட்டுச் செய்தியாக இருந்த ஊர்.

“மேலே பார்க்கிறாயா?” என்றார். தீவின் நடுமேட்டுக்கு அங்கே ‘டாப்சைடு’ என்று பெயர். கரையோரத் தென்னைகளைத் தாண்டி வண்டி ஏறியதும் நிழல் நின்றுவிட்டது.

நான் பாலைவனம் பார்த்திருக்கிறேன், எரிமலைக் குழம்பு உறைந்த கரையையும் பார்த்திருக்கிறேன். இது இரண்டிலும் சேராது. கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறச் சுண்ணாம்புத் தூண்கள், சில ஆள் உயரம், சில தென்னை உயரம், நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஈறெல்லாம் கரைந்துபோன வாயில் பல் மட்டும் நிற்பதுபோல இருந்தது. தூண்களுக்கு நடுவே நிறைந்திருந்ததுதான் பாஸ்பேட். அதைத் தோண்டி எடுத்தபின் மிச்சம் இவை. நடக்க முடியாது, நட முடியாது, வீடு கட்ட முடியாது. வெயிலில் காய்ந்த கல்லின் அனல் நேராக முகத்தில் அடித்தது. அந்த அனல் மேலே எழும்பி மழைமேகத்தைத் துரத்திவிடுகிறது என்று அங்கே பலரும் நம்பினார்கள். தூரத்தில் ஒரு கிரேன் தன் கொக்கித் தொட்டியைத் தூண்களின் இடுக்கில் இறக்கி அள்ளிக்கொண்டிருந்தது. குறுகிய தண்டவாளத்தில் சின்ன டீசல் எஞ்சின் ஒன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு கீழே போனது. எங்கள் கப்பலுக்கு.

ஆசிரியர் ஒரு திசையைக் காட்டினார். “அது என் மாமியார் நிலம். அதற்கப்பால் என் அண்ணன், தம்பி, ஒன்றுவிட்ட சகோதரிகள் எல்லோருக்கும் சேர்ந்தது. பாதி ஏற்கெனவே போய்விட்டது. இன்று ஏற்றுவது ஒருவேளை மாமியாருடையதாக இருக்கும்.” எனக்குத் தூண்கள்தான் தெரிந்தன. அவருக்கு எல்லைகள் தெரிந்தன. நிலம் அங்கே குடும்பச் சொத்து. மண் போனபிறகும் பாத்தியதை போகாது. எந்தத் துண்டிலிருந்து எடுக்கிறார்களோ அந்தத் துண்டின் சொந்தக்காரர்களுக்குத் தொகை வரும். தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறுத்துக்கொண்டே போகும். பங்காளிச் சண்டை உண்டா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த மண்ணின் மதிப்பு வெளியே தெரிந்த கதை விசித்திரமானது. சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். நவுருவிலிருந்து வந்த கல், கல்லாகிப்போன மரம் என்று நினைத்திருந்தார்கள். 1899-ல் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்குச் சந்தேகம் வந்து சோதித்தார். மிக உயர்ந்த ரக பாஸ்பேட். தீவு அப்போது ஜெர்மனி வசம். பேரம் பேசி 1906-ல் தோண்டத் தொடங்கினார்கள். 1914-ல் ஆஸ்திரேலியப் படை வந்து பிடித்தது. போருக்குப்பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக ‘பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள்’ என்று ஓர் அமைப்பை வைத்து எடுத்துக்கொண்டன, உலகச் சந்தை விலைக்குக் குறைவாகத் தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தன. தொடக்க காலத்தில் நிலத்துக்காரனுக்குக் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி.

சுதந்திரம் வரும்போது தீவின் பாஸ்பேட் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித் தோண்டி முடிந்திருந்தது. சுதந்திரத்தோடு சுரங்கம் கைக்கு வரவில்லை, விலைக்கு வாங்கினார்கள். ஆலை, தண்டவாளம், கான்டிலீவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1970 ஜூலை 1 முதல் நவுரு பாஸ்பேட் கார்ப்பரேஷன். தங்கள் காலடி மண்ணைத் தோண்டிய எந்திரங்களுக்கு அவர்களே விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டுக்குக் கையில் கிடைத்த முதல் பெரிய அதிகாரம் தன் நிலத்தைத் தானே, நல்ல விலைக்கு, விற்கும் அதிகாரம்.

“எல்லாம் தீர்ந்துவிட்டால்?” என்று கேட்டேன். இளம் வயது, இப்படிக் கேட்பதில் கூச்சம் இல்லை.

“வேறு தீவு தருகிறோம் என்றார்கள்” என்றார். குவீன்ஸ்லாந்துக் கரையை ஒட்டிய கர்ட்டிஸ் தீவு. அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த பேச்சு. இங்கிருந்து ஆட்கள் போய்ப் பார்த்தும் வந்தார்கள். நல்ல இடம், தண்ணீர் உண்டு. ஆனால் அங்கே போனால் நீங்கள் ஆஸ்திரேலியக் குடிமக்கள், உங்களுக்கென்று ஓர் உள்ளாட்சி மன்றம் இருக்கும், அவ்வளவுதான் என்றது கான்பெர்ரா. 1964-ல் இவர்கள் மறுத்துவிட்டார்கள். “பெரிய இடத்துக்குப் போய்க் காணாமல் போவதற்கு இங்கேயே இருக்கலாம். எங்களை நவுருக்காரர்களாக இருக்க விட்டிருந்தால் போயிருப்போம்.” தூண்களைப் பார்த்தபடியே சொன்னார். கசப்பில்லை. ட்ரூக்கிலிருந்து திரும்பிவந்தவர்களை இன்னொரு முறை கப்பலேறச் சொல்வதற்கு முன் அந்த அதிகாரிகள் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இறங்கும் வழியில் புவாடா ஏரியைக் காட்டினார். நவுருவில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நான் பார்த்த ஒரே இடம். சுற்றிலும் தென்னையும் தாழையும் வாழையும், நடுவில் கலங்கிய பச்சைத் தண்ணீர். கடலிலிருந்து பால்மீன் குஞ்சுகளைப் பிடித்துவந்து இந்த உப்புக்கரிக்கும் ஏரியில் பழக்கி வளர்ப்பார்கள். ஏரியைக் குடும்பங்கள் வரப்புப் போட்டுப் பிரித்து வைத்திருந்த காலம் உண்டாம். நீருக்கும் பாத்தியதை! வளர்ப்பு குறைந்துபோய்விட்டது, டப்பா மீன் சுலபமாக இருக்கிறது என்றார். அவர் மனைவி அன்று இரவு நாடிப் பறவை சமைப்பதாகவும் சாப்பிட்டுப் போகலாம் என்றும் கூப்பிட்டார். இருட்டியதும் தீவுக்குத் திரும்பும் கறுப்புக் கடற்பறவை அது, நீளக் கம்பில் வலை கட்டி வீசிப் பிடிப்பார்கள். கடைசி லாஞ்ச்சை விட முடியாது என்று மறுத்துவிட்டேன். வேலைதான் காரணம்; ருசியை இன்றும் கற்பனையில்தான் வைத்திருக்கிறேன்.

லாஞ்ச்சில் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். அவர் பார்த்த நவுரு வேறு. ‘லொகேஷன்’ என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் பகல் முழுவதும் இருந்திருக்கிறார். கில்பர்ட், எல்லிஸ் தீவுக்காரர்கள் ஒரு பக்கம், ஹாங்காங் சீனர்கள் ஒரு பக்கம். ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தோண்டுவது, ஓட்டுவது, கயிறு கட்டுவது எல்லாம் அவர்கள். நவுருக்காரர்களில் பெரும்பாலோர் சர்க்கார் வேலையில். “மீன் சுட்டுக் குடுத்தான் தம்பி, தேங்காப்பால்ல ஊறவச்சு. ஒரே ரூம்புல எத்தன பேருன்னு நெனைக்க? இந்த ஊரு பணக்கார ஊருன்னு சொன்னா அவன் சிரிக்கான்.”

“அவங்களுக்கு இப்பத்தானே அண்ணாச்சி சுதந்திரம் வந்திருக்கு” என்றேன்.

“யாருக்கு வந்திருக்கு?” என்றார் அண்ணாச்சி. கில்பர்ட் தீவுகளுக்கு அது வர 1979 ஆயிற்று.

நாங்கள் சேர்ந்தபோது ஹேட்ச்சுகள் பெரும்பாலும் நிரம்பிவிட்டன. கப்பல் தண்ணீரில் ஆழ அமர்ந்திருந்தது. ஏற்றியது போதாதென்று மேல்தட்டு, என் ரேடியோ அறைச் சன்னல், சாப்பாட்டு மேசை எங்கும் பொடி. பண்டாரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதன்மேல் ஆடை கட்டியது. நள்ளிரவு தாண்டிக் கயிறுகளை அவிழ்த்தோம். மறுநாள் காலை சாரங்கு குழாயைத் திறந்து கப்பலைக் கழுவ வைத்தார். அந்தத் தண்ணீர் பால்போல் ஓடி இரண்டு பக்கமும் கடலில் விழுந்தது. ஆசிரியரின் மாமியார் இதற்கும் கணக்குக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்திரேலியாவில் ஜீலாங்கில் இறக்கினோம். அங்கே கந்தக அமிலத்தில் வேகவைத்து சூப்பர்பாஸ்பேட் ஆக்கினார்கள். ஊரை விட்டு வெளியே போனால் முடிவில்லாத மேய்ச்சல் நிலம், கொழுத்த ஆடுகள். அந்த மண்ணுக்கு இயற்கையிலேயே பாஸ்பரஸ் போதாது. ஒரு நூற்றாண்டில் பாதியும் அதன் பசுமைக்கு உரம் போட்டது பனாபா, நவுரு போன்ற பசிபிக் தீவுகள்தான். பின்னொரு முறை நியூசிலாந்தில், சிறிய விமானங்கள் குன்றுகள்மேல் தாழப் பறந்து வெள்ளைப் பொடியைத் தூவிச் செல்வதைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். அழகாகத்தான் இருந்தது.

பிற்காலத்தில் நவுரு உலகத்துக்கு ஒரு நகைச்சுவையாகிப்போனது. சின்னத் தீவு சொந்தமாக விமானக் கம்பெனி நடத்தியது, மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டியது, லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குப் பணம் போட்டு இழந்தது. தன் உடம்பு நுழையாத ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய போலீஸ் அதிகாரியின் கதையைக் கப்பல்களில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசியில் பாஸ்பேட் தீர்ந்தது, கஜானா காலி. 2001 முதல் ஆஸ்திரேலியா தன் கரைக்கு வரும் அகதிகளைக் கொண்டுபோய் அடைக்கும் இடமாக அந்தத் தீவு ஆனது. ஊதாரித்தனம் நடந்தது உண்மை. நம்பி வைத்த ஆலோசகர்களில் பலர் வெளியூர்க்காரர்கள் என்பதும் உண்மை. ஆனால் சிரிக்கிறவர்கள் யாரும் அரைப் பென்னியிலிருந்து கதையைத் தொடங்குவதில்லை. 1968-லிருந்துதான் தொடங்குவார்கள். மூவாயிரம் பேரின் முப்பது வருஷச் செலவு வேடிக்கை. மூன்று நாடுகள் ஏறக்குறைய ஐம்பது வருஷம் மலிவு விலையில் எடுத்தது வெறும் வரலாறு.

நவுரு அப்படி விட்டுவிடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. 1989-ல் தி ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குப் போட்டது: சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்தை யார் சரிசெய்வது? வழக்கை விசாரிக்கலாம் என்று 1992-ல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசியது. வழக்குப் போடுவதற்கான ஏற்பாடுகளில் முன்னின்ற டிரோபர்ட், தீர்வைப் பார்க்காமல் 1992-ல் மெல்பர்னில் இறந்துபோனார்.

இந்தத் தீவு நம் நாட்டிலும் கால் வைத்தது என்பது பலருக்குத் தெரியாது. 1981-ல் இந்திய அரசும் நவுரு அரசும் சேர்ந்து ஒடிசாவில் பாரதீப் பாஸ்பேட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. எண்பதுகளின் நடுவில் எங்கள் கப்பல் பாரதீப்புக்குப் போனபோது கரையில் ஒரு தமிழ்க் காண்டிராக்டரைச் சந்தித்தேன், ராணிப்பேட்டைக்காரர், ஆலைக்கு ஆள் விடுகிறவர். பேச்சுவாக்கில், “கவர்மெண்டுக்குக் கூட்டாளி நவுருன்னு ஒருத்தர் சார். நல்ல பசையுள்ள பார்ட்டி. மார்வாடியா இருக்கும்னு நெனைக்கிறேன், ஒருநாளும் கண்ணுல பட்டதில்ல” என்றார்.

அது ஒரு நாடு என்றேன்.

“நாடா? எவ்ளோ பெரிசு?”

21 சதுர கிலோமீட்டர் என்றேன். அவர் துறைமுகத்தையும் ஆலை வளாகத்தையும் அதற்கப்பால் கிடந்த வெட்டவெளியையும் திரும்பித் திரும்பிப் பார்த்து, மனசுக்குள் ஏதோ அளந்தார். “அப்ப நாமதான் அவங்களுக்குக் கடன் குடுத்திருக்கணும், அவங்க எப்படி சார் நமக்குப் பணம் போட்டாங்க?” என்று கேட்டு, டீ சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.